படலையில் மோட்டார் சைக்கிள் நிற்கும்போது: வன்னி ஊழியருக்குத் தனி ஜெப நேரம்

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு கிறிஸ்தவ சபைக்குப் புதிதாகப் பொறுப்பெடுக்கிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். இறையியல் கல்லூரி முடித்து முதல் இடமாகக் கிளிநொச்சிக்கோ மல்லாவிக்கோ அனுப்பப்பட்டவர், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், செய்த வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு இறங்கியவர், யாராக இருந்தாலும் சரி. வந்து சில மாதங்களில் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: "ஜெபிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் நான் ஜெபிக்க நேரமில்லை."

வேலைப்பளு எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. வீடுகள் தள்ளித் தள்ளி. ஒரு வீட்டுக்குப் போனால் பத்து நிமிடத்தில் எழும்பி வர முடியாது. தேத்தண்ணி வரும், கதை தொடங்கும். 2009 இல் முடிந்த யுத்தம் பல வீடுகளில் இன்னும் முடியவில்லை. காணாமல் போன மகனுக்காக 2017 முதல் கிளிநொச்சி வீதியோரப் போராட்டத்தில் உட்கார்ந்த தாய் உங்கள் சபையில் இருப்பார். நுண்கடன் தவணைக்காக மறைந்து திரிகிறவர் இருப்பார். காலில்லாத தகப்பனும் வெளிநாட்டுக்குப் போக நிற்கிற பிள்ளையும் ஒரே வீட்டில் இருப்பார்கள். இந்தக் கதைகளை எல்லாம் கேட்டுவிட்டு இரவு வீடு திரும்புகிறவர், அவற்றை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். இறக்காமல் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் போனால், சில வருடங்களில் காது கேட்கும், மனது கேட்காது. அப்படியான ஊழியர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வன்னிக் கிராமத்தில் தனி ஜெபத்துக்கு ஒளித்து நேரம் எடுக்க முடியாது. ஊருக்குச் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் ஒரு வாரத்தை எழுதுங்கள்

எதையும் மாற்ற முதல், ஒரு கிழமை முழுக்க என்ன செய்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழும்பிய நேரம், படுத்த நேரம், யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், போனில் எவ்வளவு நேரம் கதைத்தீர்கள். அலங்காரம் வேண்டாம். மனைவியோ கணவரோ பார்த்து, "இது இல்லை, நீங்கள் அன்று பத்தரைக்குத்தான் வந்தீர்கள்" என்று திருத்தினால் இன்னும் நல்லது.

எழுதிய பலருக்கு முதலில் கண்ணில் படுவது வெளிநாட்டுப் போன். நம் சபைகளில் பலருக்குக் கனடாவிலும் லண்டனிலும் உறவுகள், உதவி செய்கிறவர்கள். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை பதினொன்றரை, லண்டனில் பின்னேரம் நாலரை. அவர்களுக்கு வசதியான நேரம் உங்கள் படுக்கை நேரம். கிணற்றுத் திட்டம், பிள்ளைகளின் கொப்பிக் காசு என்று கதை பதினொரு மணி தாண்டும். பிறகு அதிகாலை நாலரைக்கு எழும்பவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்வதில் என்ன பயன்? அதிகாலை ஜெபத்தின் எதிரி பெரும்பாலும் சோம்பல் இல்லை, முந்தின இரவுதான். இரவு எட்டரைக்குப் பிறகு அழைப்பு எடுப்பதில்லை, ஞாயிறு பின்னேரம் நானே எடுப்பேன் என்று அவர்களுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பிவிடுங்கள். நம் ஆட்கள் இதைப் புரிந்துகொள்கிறவர்கள்தான், நாம்தான் சொல்லப் பயப்படுகிறோம்.

கொப்பியில் இன்னொன்றும் தெரியும். வெள்ளி உபவாச ஜெபம், வீட்டுக்கூட்டம், மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபம் என்று ஜெபத்துக்குப் பல மணி நேரம் போயிருக்கும். அதில் நீங்கள் நடத்திய நேரத்தை வெட்டிவிடுங்கள். மைக் பிடித்து ஜெபம் நடத்துகிறவர் வேலை செய்கிறார். நல்ல வேலைதான், ஆனாலும் வேலை. பாட்டு எப்போது தொடங்குவது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் யார் போடுவது, பின்னால் இருக்கிற பெடியன்கள் நித்திரையா என்று அவருடைய தலையில் பாதி ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தனி ஜெபக் கணக்கில் சேர்த்துக்கொண்டு திருப்திப்படுகிறவர்கள் அதிகம்.

எந்த நேரம்

எல்லோரும் அதிகாலை என்பார்கள். நல்லது, முடிந்தவர்கள் எடுங்கள். மாற்கு முதலாம் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்து போனார். ஆனால் நம் ஊரில் அதிகாலை நினைக்கிற அளவுக்கு அமைதி இல்லை. கோயில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கு முன்பே தொடங்கிவிடும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நேரம் முல்லைத்தீவுப் பக்கத்து வீதிகள் இரவிலும் உறங்காது. நம்முடைய சபைகளின் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் குறைந்தவை இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். காலபோக (மழைக்கால நெல்) விதைப்பு, அறுவடைக் காலத்தில் சபையாட்கள் வயலுக்குப் போகமுன் உங்களைப் பிடிக்க விடிய ஐந்தரைக்கே படலையில் நிற்பார்கள்.

நான் பரிந்துரைப்பது யாரும் கணக்கில் எடுக்காத ஒரு நேரம்: மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை. வன்னி வெயிலில் அந்த நேரம் வீதியில் நாய்கூட நடக்காது. கடைக்காரரும் கதிரையில் சாய்ந்திருப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரை வரும் என்பது உண்மை. அதற்குச் சாப்பாட்டை ஜெபத்துக்குப் பிறகு வையுங்கள், அல்லது முதல் இருபது நிமிடம் படுத்து எழும்பிக் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு உட்காருங்கள். பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே இருக்க முடியாது, மர நிழல்தான். ஐப்பசி தொடங்கி மழைக்காலத்தில் நேரத்தை மாற்றலாம். வருடம் முழுக்க ஒரே நேரத்தைப் பிடித்துத் தொங்கத் தேவையில்லை. பருவத்துக்கு ஒரு நேரம் போதும், ஆனால் அந்தப் பருவத்துக்குள் அதை ஆட்டாதீர்கள்.

முதல் மாதம் இருபது நிமிடம், கிழமையில் ஐந்து நாள். மூன்று மணி நேரம் ஜெபிக்கிற பெரியவர்களின் சாட்சியைக் கேட்டுவிட்டு முதல் நாளே மூன்று மணி நேரம் என்று தொடங்காதீர்கள்.

எந்த இடம்

வன்னியில் காடு இருக்கிறது, குளம் இருக்கிறது, வெளி இருக்கிறது. தனிமைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தெரியாத பற்றைக்குள் இறங்கவே கூடாது. மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஊரவர்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள். குளக்கட்டு அழகான இடம், ஆனால் காட்டோரக் குளங்களுக்கு விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும் யானை தண்ணிக்கு வரும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார உகந்த இடம் அதுவல்ல. முதல் நாள் யானை வந்ததா என்று மாடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், ஆட்கள் பார்ப்பார்கள். பாஸ்டர் தனியாகக் குளக்கட்டில் குனிந்த தலையோடு இருந்தால், பின்னேரத்துக்குள் மூன்று பேர் வீட்டுக்கு வந்து மெதுவாக, "ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்பார்கள். பெண் ஊழியர் என்றால் கதை இன்னும் வேறு மாதிரிப் போகும். பெண்கள் இருவராகப் போய், சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில் தனித்தனியாக இருப்பது நல்லது.

அதனால் முதல் தெரிவு ஆலயக் கட்டடமே. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பூட்டினால் அடுத்த கூட்டம் வரை அது சும்மாதான் இருக்கிறது. அதற்குள் போங்கள். ஆனால் பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் இருக்காதீர்கள், அங்கே இருந்தால் தலை தானாக ஞாயிறு ஆராதனையை ஒழுங்குபடுத்தத் தொடங்கும். விசுவாசிகள் இருக்கிற பக்கம், கடைசி வரிசையில், ஒரு கதிரையிலோ பாயிலோ இருங்கள். ஆலயமே ஒரு கொட்டில்தான் என்றால், வளவின் பின்பக்கத்து வேம்புக்குக் கீழே ஒரு வாங்கு போடுங்கள். எந்த இடமாக இருந்தாலும் ஒரே இடமாக இருக்கட்டும்.

ஊருக்குச் சொல்லுங்கள்

இதுதான் முக்கியம், இதைத்தான் புதியவர்கள் செய்வதில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சத்தம் இல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் படலைக்குள் நிற்கிறதே! அதைப் பார்த்த எவரும், "ஐயா உள்ளேதான் இருக்கிறார்" என்று கூப்பிட்டுக்கொண்டே நிற்பார்கள். நீங்கள் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள். அது ஜெபமும் இல்லை, ஓய்வும் இல்லை. வெளியே நிற்கிறவருக்கோ, "இருந்துகொண்டே இல்லை என்கிறார்" என்ற மனக்கசப்பு. வீட்டிலுள்ள பிள்ளையிடம், "அப்பா இல்லை என்று சொல்லு" என்று பழக்கிவிட்டால் அதைவிடக் கேடு வேறில்லை.

இயேசுவுடைய ஜெப இடம் இரகசியமாக இருக்கவில்லை. ஒலிவமலைக்கு அவர் வழக்கத்தின்படியே போனார் என்று லூக்கா எழுதுகிறார். அவர் அடிக்கடி அங்கே போனபடியால் யூதாசும் அந்த இடத்தை அறிந்திருந்தான் என்று யோவான் 18 சொல்கிறது. தானியேல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்றுதரம் ஜெபித்தது பபிலோனில் எல்லோருக்கும் தெரியும். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்ற மத்தேயு 6 இன் வார்த்தை, ஆட்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக ஜெபிக்கிறவர்களுக்குச் சொன்னது. நீங்கள் கிடைக்காத நேரம் எது என்பதை ஆட்களுக்குச் சொல்வது வேறு விஷயம்.

எப்படிச் சொல்வது? ஞாயிறு அறிவித்தலில், சிரித்த முகத்தோடு, சுருக்கமாக: "கிழமை நாட்களில் மத்தியானம் ஒன்றரைக்கு நான் ஆலயத்துக்குள் உங்களுக்காக ஜெபிக்கப் போகிறேன். இரண்டரைக்கு வெளியே வருவேன். அந்த நேரம் அவசரம் என்றால் இன்ன அண்ணாவைக் கூப்பிடுங்கள், அவர் வந்து என்னைத் தட்டுவார்." மூன்று வாரம் தொடர்ந்து சொல்லுங்கள். பிறகு படலையில் ஒரு மட்டை தொங்கவிடுங்கள்: "ஜெப நேரம், 2.30க்கு வருவேன்." திரும்பி வரும் நேரம் எழுதியிருந்தால் ஆட்கள் காத்திருப்பார்கள். எழுதாவிட்டால் கூப்பிடுவார்கள். சொன்ன நேரத்துக்கு வெளியே வர வேண்டும், இது கண்டிப்பு. ஒருவர் காத்திருந்து, நீங்களும் சொன்னபடி வந்து அவரோடு கதைத்தீர்கள் என்றால், மற்றதை அவரே ஊருக்குச் சொல்லிவிடுவார்.

அந்த "இன்ன அண்ணா" யார் என்பதை யோசித்து எடுங்கள். சபை மூப்பர்தான் என்றில்லை. பதற்றப்படாதவர், மற்றவர் கதையை வெளியே கொண்டுபோகாதவர், பக்கத்தில் குடியிருப்பவர். எது அவசரம் என்று அவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். சாவு, ஆஸ்பத்திரி, பாம்புக்கடி, வீட்டுக்குள் அடிதடி, "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று யாராவது சொன்னால்: இவற்றுக்கு எந்த நேரமும் தட்டலாம், ஜெபத்தின் நடுவிலும் எழும்பிப் போக வேண்டும். கிராம அலுவலருக்குக் கொடுக்க நற்சான்றுக் கடிதம், பிறந்தநாள் வீட்டுக்குப் பிளாஸ்டிக் கதிரையும் தறப்பாளும், வீடு குடிபுகும் ஜெபத்துக்குத் திகதி: இவை இரண்டரை வரை தாங்கும். கதிரை, தறப்பாள் பொறுப்பை அந்த அண்ணாவிடமே முழுதாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. அப்போஸ்தலர் 6 இல் பந்திவிசாரிப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது இப்படியான காரணத்துக்குத்தான். ஆனால் நாங்கள் அந்த அதிகாரத்தைப் பிரசங்கித்துவிட்டுக் கதிரைகளை எண்ணப் போகிறோம்.

போனை அந்த நேரம் வீட்டில் விட்டுவிட்டு ஆலயத்துக்குப் போங்கள். வேதாகமம் போனில் இருக்கிறது என்ற சாட்டு வேண்டாம், புத்தகத்தை எடுங்கள். வசனம் தேடத் திறந்த போனில் வாட்சப்பின் காலை வணக்கப் படங்கள் நாற்பது வந்து நிற்கும்.

உள்ளே இருந்து என்ன செய்வது

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். வியர்வை ஆறட்டும். தலைக்குள் வேலைகள் ஓடும்: பால்மா வாங்க வேண்டும், இன்னாருக்குப் போன் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து அவற்றை எழுதிவிடுங்கள். எழுதினால் தலை விட்டுவிடும்.

பிறகு ஒரு சங்கீதம், மெல்லிய சத்தமாக, இரண்டுதரம். வரிசையாகப் போங்கள், நல்ல சங்கீதங்களை மட்டும் பொறுக்காதீர்கள். 88 ஆம் சங்கீதம் வரும்போது தாண்டாதீர்கள். ஆறுதல் வார்த்தை இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. இந்த மண்ணில் அதை வாசிக்க ஆள் வேண்டும்.

அதன்பின் ஆட்களின் பெயர்கள். நேற்றுக் கேட்ட கதைகளுக்குரிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, சொன்னபின் நிறுத்துங்கள். தேவனுக்கு விளக்கம் கொடுக்கத் தேவையில்லை, தீர்வும் நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வயலில் இருந்து வருகிறவர் நெல்மூட்டையைத் திண்ணையில் இறக்குவது போல இறக்கிவிட்டு நிமிருங்கள். கடைசியில் கர்த்தருடைய ஜெபம் சொல்லி எழும்புங்கள்.

பிரசங்கக் குறிப்பு எழுதவே கூடாது. நல்ல கருத்து ஒன்று வந்தால்? வரட்டும், போகட்டும். திரும்பவும் வரும். வாசித்த வசனத்தையெல்லாம் உடனே ஞாயிற்றுக்கிழமைக்குத் திருப்புகிறவருக்கு, தனக்கென்று ஒரு வசனமும் மிஞ்சாது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். யுத்தத்துக்குள் இருந்து வந்த ஊழியர்களில் சிலருக்கு அமைதி சுகமாக இருக்காது. கண்ணை மூடினால் பதுங்குகுழியும் சத்தமும் திரும்பி வரும், நெஞ்சு அடிக்கும். அது விசுவாசக் குறைவு இல்லை. அப்படி வந்தால் கண்ணைத் திறந்து வைத்திருங்கள், காலைத் தரையில் நன்றாக ஊன்றுங்கள், அல்லது வளவைச் சுற்றி நடந்துகொண்டே ஜெபியுங்கள். இருபது நிமிடத்தை ஐந்தாகக் குறையுங்கள். தொடர்ந்து வந்தால், நித்திரையும் குழம்பினால், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சபையாரை அங்கே அனுப்புகிற நீங்கள் போகாமல் இருப்பதற்கு நியாயம் இல்லை.

பாஸ்டரம்மாவின் நேரம்

ஊழியருக்கு ஜெப நேரம் கிடைக்கிற வீடுகளில், அந்த நேரத்தில் பிள்ளையை வைத்திருப்பது யார், படலைக்குப் பதில் சொல்வது யார், வந்தவருக்குத் தேத்தண்ணி போடுவது யார்? அவருக்கு எப்போது நேரம்? ஜோன் வெஸ்லியின் தாய் சுசன்னா, வீடு நிறையப் பிள்ளைகளுக்கு நடுவில் ஏப்ரனைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு ஜெபித்தார் என்று சொல்வார்கள். நம் கூட்டங்களில் அதைக் கேட்டு ஆண்கள் ஆமென் சொல்கிறார்கள். ஆமென் சொல்கிறவர் குசினிக்குள் போகலாமே. ஒன்றரை மணி கணவருக்கு என்றால் பின்னேரம் நாலரை மனைவிக்கு, அதே ஆலயம், அதே கடைசி வரிசை. அந்த நேரம் பிள்ளையும் அடுப்பும் கணவர் பொறுப்பு. இதையும் ஞாயிறு அறிவித்தலில் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னால்தான் நடக்கும்.

குழம்பும் நாட்கள்

குழம்பும், நிச்சயமாக. மாற்கு 6 இல், சாப்பிடவும் நேரமில்லாத சீஷரை இயேசு இளைப்பாறத் தனியிடத்துக்குப் படவில் கூட்டிப் போகிறார். சனம் கரை வழியாக ஓடி முன்னுக்குப் போய் நிற்கிறது. அவர் திட்டவில்லை, மனதுருகிப் போதித்தார், சாப்பாடும் கொடுத்தார். ஆனால் அதோடு விடவில்லை. சனத்தை அனுப்பிவிட்டு, அன்று இரவே ஜெபம்பண்ண மலைக்கு ஏறினார். பகலில் பறிபோனதை இரவில் எடுத்துக்கொண்டார். நாங்கள் முதல் பாதியை மட்டும் படித்துத் தியாகம் என்கிறோம்.

அதனால் ஒருநாள் தவறினால் அன்றைக்கே இன்னொரு பத்து நிமிடம். மார்கழியில் கரோல் சுற்றுக்காலம் முழுக்கத் தவறும், அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் பள்ளிக்கூடங்களில் தங்கியது போன்ற நாட்களில் தனி நேரம் என்ற கதைக்கே இடமில்லை, சமைத்த பார்சலோடு ஓட வேண்டியதுதான். கீழைத் திருச்சபையினர் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் சிறு ஜெபம் ஒன்று அப்போது உதவும்: "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." மோட்டார் சைக்கிளில் போகும்போதும் சொல்லலாம், கண் வீதியில் இருக்கட்டும், மாடுகள் குறுக்கே வரும். வெள்ளம் வடிந்தபின் முதல் கிழமையில் ஒரு அரைநாள் எடுங்கள்.

மாதத்துக்கு ஓர் அரைநாள்

தினசரி நேரம் ஓரளவு ஊன்றியபின், மூன்று நாலு மாதம் கழித்து இதைத் தொடங்கலாம். உங்கள் சபையிலேயே இருந்தால் நடக்காது. பக்கத்து ஊர் ஊழியர் ஒருவரோடு ஆலயத் திறப்பை (சாவியை) மாற்றிக்கொள்ளுங்கள்: மாதத்தில் ஒரு செவ்வாய் நீங்கள் அவருடைய ஆலயத்துக்கு, இன்னொரு செவ்வாய் அவர் உங்களுடையதற்கு. அங்கே உங்களை யாரும் தேடி வரமாட்டார்கள். சபைப் பிரிவு வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

மன்னார்ப் பக்கத்து மடு மாதா ஆலயம் இன்னொரு தெரிவு. கத்தோலிக்கருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றச் சபையினருக்கும் அந்தக் காட்டு மரங்களின் நிழலில் உட்காரத் தடை ஒன்றும் இல்லை. யூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்களை ஒட்டிய நாட்களில் போகாதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது. திருவிழா இல்லாத காலத்துச் சாதாரணக் கிழமை நாளாகப் பாருங்கள். பஸ் நேரத்தை முதலே கேட்டு வையுங்கள், திரும்பும் பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தால் அரைநாளும் அதிலேயே போய்விடும்.

முதல் தடவை உபவாசமாகப் போக வேண்டாம். சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், ஒரு பாய் கொண்டுபோங்கள். சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். அவன் சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தான், யாரும் குறை சொல்லவில்லை. போய் இரண்டு மணி நேரம் நித்திரை கொண்டுவிட்டீர்கள் என்றால் அது உடம்பு கேட்டு எடுத்தது. எழும்பி முகம் கழுவிச் சங்கீதத்தைத் திறவுங்கள்.

கிளம்புவதற்கு முதல்நாள் இரவு போனை உங்கள் அவசர அண்ணாவிடம் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டு எண் வந்தால் எடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.